அறுத்த கோதுமை வயலில் புறா சுடக் கூப்பிட்டால் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். இங்கிலாந்தில் கிங்ஸ் லின் பக்கம் வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, ஊர் ஓரத்தில் வாடகை வீடு, ஜூலை கடைசியிலிருந்து வீட்டுக்குப் பின்னால் வெடிச்சத்தம், கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் வரும் சனிக்கிழமை அறுவடை முடிந்த வயலில் புறா சுட வரச் சொல்லியிருக்கிறார், விசாவில் இருக்கும் ஆள் துப்பாக்கி பக்கம் போகலாமா, போனால் வம்பில் மாட்டிக்கொள்வேனா, சுட்ட புறாவின் கறியை எப்படிச் சமைப்பது. இதுதானே?

போகலாம். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் யார் கூப்பிடுகிறார், அவருக்கு அந்த வயலில் என்ன உரிமை இருக்கிறது, துப்பாக்கி யாருடையது, இந்த மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். நான் இதே நார்ஃபக் மாவட்டத்தில் பல வருஷமாக இருக்கிறேன், எனக்கும் இப்படித்தான் ஒருவர் அழைப்பில் ஆரம்பித்தது, இப்போது துப்பாக்கி வைத்துக்கொள்ளப் போலீஸ் கொடுக்கும் சர்டிபிகேட்டும் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சத்தம். விடிந்ததும் ஆரம்பித்து, இருபது நிமிஷம் அரை மணிக்கு ஒரு முறை கணக்காக இரண்டு மூன்று வெடி வெடித்தால் அது ஆளே இல்லாத கேஸ் கன். புரொப்பேன் சிலிண்டர் வைத்து, பறவையை விரட்ட விவசாயி வயலில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அதுவே பகல் பத்து பதினொரு மணிக்கு மேல், ஒரே வேலி ஓரத்திலிருந்து, தாளம் இல்லாமல் ஒன்றும் இரண்டுமாகக் கேட்டால் யாரோ புறாவுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். புறாவுக்குப் பயன்படுத்துவது ஷாட்கன், ஒரே தோட்டாவிலிருந்து நிறையச் சின்னக் குண்டு சிதறும் துப்பாக்கி, அதன் குண்டு ரைஃபிள் குண்டு மாதிரி மைல் கணக்கில் போகாது. புறாவுக்குப் போடும் சின்னக் குண்டுகள் 300 மீட்டருக்குள் விழுந்துவிடும், புறா அடிபட்டு விழுவதும் பெரும்பாலும் 35, 40 கஜத்துக்குள் சுட்டால்தான். பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் மழை மாதிரி சின்னக் குண்டு விழுந்தால் மட்டும் விவசாயியிடம் சொல்லுங்கள், கேட்காவிட்டால் போலீஸின் அவசரமில்லாத எண் 101.

சரி, சுடுவது எந்தப் புறா? வுட் பிஜியன். நம்ம ஊர் கோயில் கோபுரப் புறா இல்லை, அதைவிடப் பெருசு, அரை கிலோ இருக்கும், மார்பு இளஞ்சிவப்பு, கழுத்தில் வெள்ளைத் திட்டு, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். பிரிட்டனில் சுமார் 50 லட்சம் ஜோடி இருக்கிறது. குளிர்காலத்தில் ஆயில்சீட் ரேப் என்கிற, கடுகு மாதிரி எண்ணெய்ப் பயிரின் இலையை மொட்டையடித்துவிடும், வசந்தத்தில் பட்டாணி முளையைப் பிடுங்கும், ஜூலையில் மழை காற்றில் சாய்ந்த பார்லி மேல் கூட்டமாக இறங்கி மிதித்தே நாசம் செய்யும். பிறகு கம்பைன் என்கிற அறுவடை இயந்திரம் ஓடி முடித்த வயலில் சிந்திய மணிக்கு வரும். நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு முடிந்ததும் வாத்துக்காரர்கள் பட்டியை ஓட்டிக்கொண்டு வந்து வயலில் மேய விடுவார்களே, அதே வேலையை இங்கே புறா கூப்பிடாமலே வந்து செய்கிறது.

இங்கேதான் சட்டத்தின் முடிச்சு இருக்கிறது, உங்கள் நண்பர் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இங்கிலாந்தில் காட்டுப் பறவை ஏறக்குறைய எல்லாமே பாதுகாக்கப்பட்டது, வுட் பிஜியனும் உட்பட. அதைச் சுட முடிவது ஜிஎல் 42 என்கிற பொது லைசன்ஸ் இருப்பதால். டெஃப்ரா, அதாவது விவசாயத்துறை கொடுப்பது. தனியாக விண்ணப்பம் போட வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், ஆனால் நிபந்தனை உண்டு: நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும், பயிருக்குப் பெரிய சேதம் வராமல் தடுக்கத்தான் சுட வேண்டும், கேஸ் கன், பட்டம், கயிறு என்று விரட்டும் வழிகளையும் செய்திருக்க வேண்டும். பொழுதுபோக்குக்கு என்றோ கறிக்கு என்றோ இந்த லைசன்ஸ் கிடையாது. சுட்ட பிறகு சாப்பிடலாம், அது வேறு.

அப்படியானால் ஏற்கெனவே அறுத்த வயலில் சிந்திய மணியைத் தின்னும் புறாவால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, இங்கே இருப்பவர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. பதில் பக்கத்து வயலில் இருக்கிறது. அங்கே இன்னும் அறுக்காத கோதுமை சாய்ந்து கிடக்கலாம், பட்டாணி நிற்கலாம், ஆகஸ்ட் கடைசியில் விதைத்த ரேப் முளைத்து வரலாம். அந்தப் பயிரைக் காக்க, கூட்டம் கூடும் இடத்தில் சுடுகிறோம் என்பதுதான் வாதம். அப்படி எந்தப் பயிரும் சுற்றுவட்டாரத்தில் இல்லை, சும்மா ஜாலிக்கு என்றால் லைசன்ஸ் கை கொடுக்காது. ஆகவே நண்பரிடம் நேராகக் கேளுங்கள்: ‘இந்த விவசாயிக்கு எந்தப் பயிரில் தொல்லை?’ பதில் சொல்லத் தெரிந்தவரோடு போங்கள். 2019 ஏப்ரலில், வைல்ட் ஜஸ்டிஸ் என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு வழக்குத் தொடுப்போம் என்று நின்றதும், அப்போதிருந்த பொது லைசன்ஸ்களை நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒரேயடியாக ரத்து செய்தது, ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. அதன்பிறகு இந்த ஆட்கள் காகிதம் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். நீங்களும் நடப்பு ஆண்டின் நிபந்தனையை அரசு இணையதளத்தில் ஒரு முறை படித்துவிடுங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸுக்குத் தனி லைசன்ஸ்.

துப்பாக்கி விஷயம். சர்டிபிகேட் இல்லாமல் நீங்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் சர்டிபிகேட் இருப்பவர், தனியார் நிலத்தில், தன் கூடவே வைத்துக்கொண்டு, இன்னொருவருக்குத் தன் துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொல்லலாம். 1968 ஆயுதச் சட்டத்தில் பின்னால் சேர்த்த 11ஏ பிரிவு அது. துப்பாக்கி கொடுப்பவருக்கு அந்த நிலத்தில் வேட்டைக்கு ஆள் விடும் உரிமை இருக்க வேண்டும், இல்லையென்றால் உரிமை இருப்பவர் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். வாய் வார்த்தை போதாது. ‘கூடவே’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அவர் கார் எடுக்கப் போய்விட்டு உங்களைத் துப்பாக்கியோடு வேலி ஓரத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

முதல் நாள் நீங்கள் சுடவே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு முன்னால் ஒரு நாள் கிளே கிரவுண்டுக்குப் போய்க் களிமண் தட்டைச் சுட்டுப் பழகுங்கள், அங்கே சர்டிபிகேட் கேட்க மாட்டார்கள், பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்பார். பறக்கும் புறாவைக் கற்றுக்குட்டி சுட்டால் பாதி உயிரோடு விழும், அதை ஓடிப்போய்ப் பிடித்து உடனே கழுத்தைத் திருக வேண்டும். அது முடியுமா என்று உங்களுக்கே தெரியாதபோது எதற்கு அவசரம்.

பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது. இந்த வேலையில் முக்கால் பங்கு சுடுவது இல்லை, பைனாகுலர் வைத்துப் பார்ப்பது. நல்ல ஆள் முந்தின நாளே காரை ஓரமாக நிறுத்திப் புறா எந்தக் காட்டிலிருந்து கிளம்பி, எந்த மரவரிசை மேலாகப் பறந்து, வயலின் எந்த மூலையில் இறங்குகிறது என்று பார்த்து வைத்திருப்பார். அந்தப் பாதைக்கு அடியில்தான் மறைப்பு போடுவார்: நான்கு கம்பி, அதில் பச்சை வலை, பின்னால் வேலிச் செடி, உள்ளே இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் இடம். புறா எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஆகவே காற்று நம் முதுகுக்குப் பின்னால் வீசும்படி உட்கார்ந்தால் அது நம்மைப் பார்த்தபடி வந்து இறங்கும். காற்றே இல்லாத நாள் என்றால் கிளம்பாமல் வீட்டில் இருக்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் டிகாய். பிளாஸ்டிக்கில் அரை ஓடாகச் செய்த பொம்மைப் புறாக்களைக் குச்சியில் குத்தி, மறைப்பிலிருந்து 20, 25 கஜத்தில், லாட வடிவத்தில் வைப்பார்கள், நடுவில் காலியிடம் விட்டு. வருகிற புறா அந்தக் காலியிடத்தில்தான் இறங்கப் பார்க்கும். ஒன்றுக்கொன்று சில அடி தள்ளி, எல்லாம் ஒரே திசை பார்க்காமல், ஆனால் ஏறத்தாழ காற்றுப் பக்கம் முகம் வைத்து. முதல் சில புறா விழுந்ததும் அவற்றையும் எடுத்து, தலையைக் குச்சியால் முட்டுக்கொடுத்து, இறக்கையை மூடி, பொம்மைகளோடு வைப்பார்கள். மேக்னட் என்று ஒரு பொருள் உண்டு: பேட்டரி மோட்டாரில் இரண்டு நீளக் கை சுற்றும், கை நுனியில் இறக்கை விரித்த செத்த புறா, சுற்றும்போது வெள்ளைப் பட்டை மின்னுவது வெகு தூரத்துக்குத் தெரியும். சில நாள் இதைப் பார்த்துத்தான் கூட்டம் திரும்பும், சில நாள் இதைக் கண்டே மிரண்டு ஓடும். நான் அது இல்லாமல்தான் ஆரம்பிப்பேன்.

ஆகஸ்டில் கண்ணுக்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்த வருஷத்துக் குஞ்சுகளுக்குக் கழுத்தில் வெள்ளைத் திட்டு இன்னும் வந்திருக்காது. ஸ்டாக் டவ் என்று இன்னொரு புறா, கொஞ்சம் சின்னது, நீலச்சாம்பல் நிறம், அதற்கும் கழுத்தில் வெள்ளை கிடையாது, அதைச் சுட்டால் குற்றம். கழுத்தைப் பார்க்காதீர்கள், இறக்கையைப் பாருங்கள்: வெள்ளைப் பட்டை இருந்தால் வுட் பிஜியன், இல்லையென்றால் துப்பாக்கி கீழே. காலில் வளையம் போட்ட பந்தயப் புறாவும் இந்த வழியாகப் போகும், அது யாரோ ஒருவரின் சொத்து.

விழுந்த புறாவைக் கையில் எடுத்தால் முதலில் இறகு கொட்டும். லேசாகத் தொட்டாலே பிடி பிடியாக வரும், அதனால்தான் சுட்டதும் மேகம் மாதிரி இறகு பறந்தும் புறா பத்திரமாகப் போய்விடுகிறது. கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தடவினால் மணல் மூட்டை மாதிரி கரகரக்கும். கத்தியால் கீறினால் கோதுமை மணி கொட்டும், சூடாக, பாலில் ஊறினது போல உப்பி. சில நேரம் பக்கத்து வயல் பட்டாணி இருக்கும். நண்பர் ஒவ்வொரு நாளும் சிலவற்றைக் கீறிப் பார்த்தால் அது கொடூரம் என்று நினைக்காதீர்கள், புறா எந்தப் பயிரில் மேய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, விவசாயியும் அதைத்தான் கேட்பார்.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு, மறைக்க மாட்டேன். தானியம் விளையும் நேரம் பார்த்துத்தான் இந்தப் புறா குஞ்சு பொரிக்கிறது, ஆகஸ்ட், செப்டம்பரில் கூடு நிறைய இருக்கும். சுடுகிற ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ குஞ்சு இருக்கலாம். இன்னொன்று, 1960-களில் கேம்பிரிட்ஜ்ஷயரின் கார்ல்டனில் முர்ட்டன் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்துப் பார்த்தபோது, குளிர்காலத்தில் கூட்டமாகச் சுட்டதால் வசந்தத்தில் புறா குறையவில்லை, குளிர்காலத் தீனி எவ்வளவு என்பதுதான் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. ஆகவே ‘நாங்கள் சுடாவிட்டால் நாடே புறாவாகிவிடும்’ என்று மறைப்புக்குள் யாராவது அளந்தால் தலையாட்டிவிட்டுக் காபி குடியுங்கள். சுடுவதால் நடப்பது இந்த வயலிலிருந்து அந்தக் கூட்டம் கொஞ்ச நாள் விலகுவது. விவசாயிக்கு அது போதும், எனக்கும் அந்த அளவில் சம்மதம்.

சர்டிபிகேட் வாங்க ஆசை வந்தால்: போலீஸுக்கு விண்ணப்பம், 2025 பிப்ரவரியிலிருந்து புதுசுக்கு 194 பவுண்டு, ஐந்து வருஷம் செல்லும். ஜிபி, அதாவது உங்கள் குடும்ப டாக்டர், உங்கள் உடல்நிலை, மனநிலை பற்றி எழுதித் தர வேண்டும், அதற்கு அவர் தனியாகப் பணம் கேட்கலாம். வெளிநாட்டில் தண்டனை ஏதும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பேசுவார், இரும்புப் பெட்டி சுவரில் போல்ட் போட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். சாவி உங்களிடம் மட்டும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியக்கூடாது, என் வீட்டில் அதற்கு நடந்த விசாரணை போலீஸ் விசாரணையைவிடக் கடுமையானது. வாடகை வீடு, அதிலும் நாலு பேர் பகிர்ந்து இருக்கும் வீடு என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கறி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெஞ்சுக்கறி மட்டும்தான், ஒரு புறாவுக்கு இரண்டு துண்டு, கருஞ்சிவப்பு, கொழுப்பே இல்லை. வெள்ளைக்காரர்கள் வெண்ணெயில் இரண்டு பக்கமும் காட்டி நடுவில் சிவப்பாகவே சாப்பிடுவார்கள். நமக்கு அது சரிப்படாது, மெல்லிசாக நறுக்கி, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் போட்டு அதிகத் தீயில் சீக்கிரம் இறக்கிவிடுங்கள். மட்டன் மாதிரி அரை மணி நேரம் வேகவிட்டால் செருப்புத் தோல். குண்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், பல் போகும். ஈயக் குண்டால் சுட்டது என்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம், இங்குள்ள உணவுத் தர அமைப்பின் அறிவுரையும் அதுதான். ஆகஸ்ட் வெயிலில் பையில் கட்டிப் போட்டால் ஈ முட்டை வைத்துவிடும், நிழலில் காற்றுப்படத் தொங்கவிட வேண்டும்.

சனிக்கிழமைக்கு: பச்சை அல்லது மண் நிறச் சட்டை, முகம் மறைக்கும் தொப்பி, தண்ணீர் நிறைய, காதுக்கு மாட்ட அவரிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள், வலைக்குள் சத்தம் மோசமாக இருக்கும். புறா வரும்போது எழுந்து நிற்காதீர்கள், அவர் சொல்லாமல் மறைப்பை விட்டு வெளியே போகாதீர்கள். வயல் நடுவே பொது நடைபாதை போகிறதா என்று கேட்டு வையுங்கள், நாயோடு ஆள் வந்தால் எல்லாம் நிற்க வேண்டும். நம்ம முகம் அந்த வயலுக்குப் புதுசு, யாராவது பார்த்துப் போலீஸுக்குப் போன் போடுவதும் நடக்கும். அதனால் சுடப் போவதை அவரே முன்கூட்டிப் போலீஸுக்குச் சொல்லி வைக்கிற ஆளா என்று விசாரியுங்கள், பலர் அப்படிச் செய்கிறார்கள். துப்பாக்கியோடு போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பில் போடாதீர்கள், உங்கள் அம்மா அன்று இரவு தூங்க மாட்டார். முடிந்ததும் காலித் தோட்டாக் கூடு ஒன்று விடாமல் பொறுக்கிக் கொடுங்கள், அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.