தாத்தா காலத்து மர மேசையைக் குறைந்த செலவில் நாமே சுத்தம் செய்து புதுப்பிக்க முடியுமா?

தாராளமாக முடியும். உப்புத்தாளை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

நான் குன்னூர்க்காரன். எஸ்டேட் பங்களா ஒன்றில் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா ஓர் ஈட்டி மர மேசையும் நாற்காலியும் எடுத்தார். நாற்காலியைப் பாலிஷ் போட வெளியே கொடுத்தோம். மெஷின் வைத்துத் தேய்த்து, வார்னிஷ் அடித்துத் தந்தார்கள். பளபளப்பு வந்தது. ஆனால் எத்தனையோ வருடம் கை பட்டுப் பட்டு ஏறிய கருஞ்சிவப்பு போய்விட்டது, சாய்மானத்தில் செதுக்கியிருந்த கொடியும் பாதி மழுங்கிவிட்டது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. ஈட்டி மரத்தைப் பாதுகாக்க 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள். அப்படிப்பட்ட மரத்தைச் சுரண்டித் தூளாக்கலாமா?

அதனால் மேசையை நானே எடுத்துக்கொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, நன்றாகப் பிழிந்த பருத்தித் துணி, துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஒரு துடை. மூன்றாவது துணி வரைக்கும் டீ டிகாக்ஷன் நிறத்தில் அழுக்கு வந்தது. அது போனதுமே பாதி மேசை திரும்பி வந்துவிட்டது. சலவை சோடா மட்டும் வேண்டாம், காரம் பட்டால் மரம் கறுக்கும்.

அப்புறம் ஸ்பிரிட் சோதனை. மேசையின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்குப் பாலிஷ். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், அதனால் பழையதைச் சுரண்ட வேண்டியதில்லை. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, கடையில் ரெடியாகக் கிடைக்கும் பிரெஞ்சு பாலிஷில் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான் அது) லேசாக நனைத்து, ஒரே இழுப்பாக இழுங்கள். புதுப் பூச்சு பழையதோடு கலந்து, மேலோட்டமான கீறல்கள் தானாக மறையும். மெல்லிசாக மூன்று கை போதும். பிசுபிசுக்கவில்லை என்றால் வார்னிஷ் மாதிரி வேறு பூச்சு. அதைச் சுத்தம் செய்து தேன்மெழுகு தேய்த்தாலே போதும்.

மலையில் இருப்பவர்களுக்கு முக்கியமான விஷயம் நாள் பார்ப்பது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நான் அவசரப்பட்டு ஒரு நவம்பரில் பாலிஷ் போட்டேன். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிரும், காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்துவிடும். மேசை முழுக்கச் சாம்பல் பூசியது போல வெள்ளை பூத்தது. பிப்ரவரி வெயிலில், ஸ்பிரிட் தொட்டும் தொடாமலும் துடைத்தபோதுதான் தெளிந்தது. பிப்ரவரி, மார்ச்சில், காலை 11 மணிக்கு மேல் செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது.

பூஞ்சை இருந்தால் வெளியே கொண்டுபோய் பிரஷ்ஷால் தட்டி, வினிகர் துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். துளையிலிருந்து மாவு மாதிரி புதிதாகத் தூள் கொட்டினால் பூச்சி உள்ளே இருக்கிறது. மற்ற சாமான்களிலிருந்து தள்ளி வைத்து ஆசாரியிடம் காட்டுங்கள். மழைக்கு ஊதி இறுகும் டிராயருக்கு, அது உரசும் இடத்தில் மெழுகுவர்த்தி தேய்த்தால் சரியாகும். பித்தளைக் கைப்பிடிக்குப் புளி போதும். ஆனால் கழற்றி எடுத்துத் தேய்க்க வேண்டும், புளித்தண்ணீர் மரத்தில் கறையாகிவிடும்.