பிரியாணிக்கு 180 ரூபாய் கொடுத்தால் தூக்கம் போகிறது: கல்விக்கடன் கட்டும் ஒருவரின் கேள்வி

கேள்வி: கோட்டூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம். நான் பொறியியல் படிக்க வங்கியில் நான்கு லட்சம் கல்விக்கடன் வாங்கினோம். இப்போது சென்னையில் வேலை, கைக்கு 26,000 வருகிறது. தவணை 7,140, விடுதிக்கு 7,500, வீட்டுக்கு 5,000. மீதியில் எதை வாங்கினாலும் மனசு குத்துகிறது. பிரியாணிக்கு 180 ரூபாய் கொடுத்தால் அன்று ராத்திரி தூக்கம் வராது. ஆனால் இரண்டு மாதம் வாயைக் கட்டி இருந்துவிட்டு, திடீரென ஒரு ராத்திரி செல்போனில் 3,000 ரூபாய்க்கு உடுப்பு ஆர்டர் போட்டுவிடுகிறேன். அம்மாவிடம் விலையைக் குறைத்துச் சொல்கிறேன். அப்பா, “பயிர்க்கடன் தள்ளுபடி ஆன மாதிரி இதுவும் ஆகும், பொறு” என்கிறார். அம்மா தன் நகையை அடகு வைத்து ஒரேயடியாக அடைத்துவிடச் சொல்கிறார். நான் என்ன செய்வது? (வாசகி, வயது 25)

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு தொகை இல்லை. இன்றைய தேதிக்கு வங்கிக்கு எவ்வளவு பாக்கி? “நான்கு லட்சம் வாங்கினோம்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். 7,140 ரூபாய் தவணையைப் பார்த்தால், 10 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொண்டால், தவணை தொடங்கிய நாளில் உங்கள் கடன் ஏறக்குறைய 5,40,000 ஆக இருந்திருக்க வேண்டும்.

எப்படி ஏறியது? கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு ஒரு லட்சமாக வெளியே போகிறது. முதல் வருடம் போன லட்சத்துக்கு, படிப்பு நான்கு வருடமும் அதற்குப் பிந்தைய அவகாசம் ஒரு வருடமும் சேர்த்து, ஐந்து வருட வட்டி. அடுத்ததற்கு நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு. மொத்தம் 1,40,000. தனி வட்டிதான், ஆனால் தவணை தொடங்கும்போது அது அசலோடு சேர்ந்துவிடும். ஊரில் “பேங்குக்காரன் ஏமாத்திட்டான்” என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தொகையைப் பார்த்துத்தான். ஏமாற்று இல்லை, ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் வேலையாக, கடன் கணக்கின் முழு அறிக்கையைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். அதில் வட்டி மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள தொழிற்கல்விப் படிப்பாகவும் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் உரிய வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வருமானச் சான்றிதழ் கொடுத்திருந்தும் மானியம் வரவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இனி மனசுக் குத்தலுக்கு வருகிறேன். மாதம் நான்கு தடவை பிரியாணி சாப்பிட்டாலும் வருடத்துக்கு 8,640 ரூபாய். ஆனால் உங்களை மூச்சு முட்ட வைக்கும் பணம் இதுவாக இருக்காது என்பது என் கணிப்பு. உங்களைப் போலக் காவிரி டெல்டாவிலிருந்து வேலைக்குப் போன பிள்ளைகளின் கணக்கை வாங்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. மாதா மாதம் போகிற 5,000 ரூபாய்க்கு மேல், ஆவணி, புரட்டாசியில் அப்பாவிடமிருந்து ஒரு போன் வரும். டிராக்டருக்குக் கொடுக்கணும், நடவு ஆளுக்குக் கூலி கொடுக்கணும், டிஏபி உரம் மூட்டை 1,350 ரூபாய், நாலு மூட்டை வேணும். நீங்கள் 12,000, 15,000 அனுப்பியிருப்பீர்கள். அதற்கு அடுத்தாற்போல் தீபாவளி. இடையில் மொய். பேராவூரணிப் பக்கம் உறவு இருந்தால் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வேறு, நோட்டில் எழுதியதைத் திருப்பிச் செய்யாமல் ஊரில் தலைகாட்ட முடியாது. எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு 30,000 ரூபாய் தாண்டும். இதில் ஒன்றையும் நீங்கள் ‘செலவு’ என்று நினைப்பதில்லை, கடமை என்று நினைக்கிறீர்கள். எனவே அதில் குத்தல் இல்லை. மாதக் கடைசியில் கை காலியாக இருக்கும்போது, கடைசியாகச் செய்த செலவு எதுவோ அதன்மேல் பழி விழுகிறது. பிரியாணி அகப்பட்டுக்கொள்கிறது.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. உங்கள் சம்பளம் மாதா மாதம் வருகிறது, அவருக்குப் பணம் அறுவடைக்குத்தான். சம்பா என்றால் தை, மாசியில் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகு. குறுவை கைகொடுத்தால் நடுவில் ஒரு வரவு, அதுவும் மேட்டூர் அணை திறப்பதைப் பொறுத்தது. ஜூன் 12 வழக்கமான தேதி, 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். இப்படிப்பட்ட வீட்டில் சம்பளக்காரப் பிள்ளைதான் நடுவில் வரும் பள்ளத்தை நிரப்புகிறது. தப்பில்லை. ஆனால் அந்தப் பள்ளம் எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு தனி சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். ஏடிஎம் அட்டையை விடுதி அறையில் வைத்துவிடுங்கள், பணம் அனுப்பும் செயலியிலும் அந்தக் கணக்கை இணைக்காதீர்கள். சம்பளம் வந்த மறுநாளே 2,500 ரூபாய் அதற்குள் போகட்டும். நடவு, தீபாவளி, மொய் மூன்றும் அதிலிருந்து மட்டும். அப்பா கேட்கும்போது, “இந்தக் கணக்கில் இவ்வளவு இருக்கு, இதுக்குள்ள முடிக்கலாமா?” என்று பேசலாம். மறுப்பதைவிட இது அவருக்கும் எளிது. அறுவடைப் பணம் வந்ததும் அதில் ஒரு பகுதியை அவரே இந்தக் கணக்கில் திருப்பிப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான அப்பாக்கள் இதற்குத் தயாராகவே இருக்கிறார்கள், பிள்ளை கேட்பதில்லை.

அது போக உங்கள் கையில் மூவாயிரத்து எண்ணூறு சொச்சம் நிற்கும். போக்குவரத்து, போன் போக ஒரு தொகை, அது 800 ஆகவே இருக்கட்டும், உங்கள் சொந்தப் பணம். அதற்குக் கணக்கு எழுதாதீர்கள். சிறு செலவுக்குச் செல்போனில் தனியாகப் பணம் போட்டு வைக்கும் யூபிஐ லைட்டில் மாதம் ஒரு தடவை போட்டுக்கொள்ளுங்கள், தீர்ந்தால் அடுத்த மாதம்தான். ராத்திரி 3,000 ரூபாய்க்கு ஆர்டர் போடுவதை நீங்கள் ஊதாரித்தனம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு மாதம் ஒரு ரூபாய்கூட விடாமல் இறுக்கிப் பிடித்த கை ஒரே நாளில் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். வாராவாரம் 180 கொடுப்பவர் ராத்திரியில் 3,000-க்குப் போவது குறைவு. உடுப்பு வேண்டும் என்று தோன்றினால் கூடையில் போட்டு வையுங்கள், காலையில் பல் துலக்கிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மாவிடம் விலையைக் குறைத்துச் சொல்வது மட்டும் நிற்க வேண்டும். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் பாதி விலைக்குச் சொன்னால், உங்களிடம் நிறைய மிஞ்சுகிறது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். அடுத்த போன் 20,000 கேட்டு வரும்.

தள்ளுபடி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா சொல்வது ஆதாரமில்லாத பேச்சு இல்லை. 2021-இல் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்களின் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, உங்கள் ஊரிலும் பலர் பயன்பெற்றிருப்பார்கள். ஆனால் உங்களுடையது வங்கியின் கடன். ஒவ்வொரு தேர்தலிலும் கல்விக்கடன் தள்ளுபடி பேசப்படும், அதை நம்பித் தவணையை நிறுத்தினால் 90 நாளில் கணக்கு வாராக்கடன் ஆகும். கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர் அப்பா என்றால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் அவர் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். அப்புறம் அவர் வேறு வங்கியில் பயிர்க்கடனோ டிராக்டர் கடனோ கேட்டுப் போகும்போது உங்கள் கல்விக்கடன் எதிரே வந்து நிற்கும். இதை அவரிடம் சொல்லிவிடுங்கள், தள்ளுபடி வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நகையை அடகு வைக்க வேண்டாம். பத்து வருடத்தில் கட்டவேண்டியதை ஒரு வருடத்தில் புரட்டவேண்டிய கடனாக மாற்றுகிறீர்கள், அடுத்த வருடம் மீட்க முடியாமல் மறு அடகு. அந்த நகை, மழை கெடுத்த வருடத்தில் வீட்டைத் தாங்க வேண்டியது.

சீக்கிரம் அடைக்கவே வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. முதலில் இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் சேருங்கள். சம்பளம் உயரும்போது தவணைக்கு மேல் மாதம் 1,000 கூட்டிக் கட்டுங்கள். மேலே சொன்ன கணக்கில் முதல் மாதத்திலிருந்தே அப்படிக் கட்டினால் பத்து வருடம் எட்டு வருடமாகக் குறைகிறது, வட்டியில் ஏறக்குறைய 66,000 ரூபாய் மிச்சம். நடுவில் தொடங்கினால் கொஞ்சம் குறையும், அவ்வளவே. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக்கூடாது. கூடுதலாகக் கட்டுவது அசலில் கழியவேண்டும் என்று எழுதிக்கொடுங்கள், இல்லையென்றால் சில கிளைகளில் அடுத்த தவணைக்கு முன்பணமாக வைத்துவிடுகிறார்கள்.

வருமான வரிச் சலுகை பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். பிரிவு 80இ, கட்டிய வட்டி முழுவதற்கும் எட்டு வருடம் கழிவு உண்டு, பழைய வரி முறையில் மட்டும். உங்கள் சம்பளத்துக்கு இப்போது வரியே வராது, ஆகவே விட்டுவிடுங்கள்.

வேலை போய்விட்டால் மட்டும் தாமதிக்காதீர்கள். ஒரு தவணைகூடத் தவறும் முன்பே கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்து அவகாசம் கேளுங்கள், வேலையில்லாத காலத்துக்கு அவகாசம் தர இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வழி கேட்க 14448 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.