விமானத் துறை என்றால் பைலட் மட்டும்தானா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். பைலட் பயிற்சியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று அவளுடைய பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். வீட்டை அடமானம் வைத்தால் கடன் கிடைக்குமா என்று வங்கியில் விசாரித்தும் வைத்துவிட்டார். அவளோ விமானங்களைப் பற்றி ஓயாமல் படிக்கிறாள், ஆனால் படிப்பதெல்லாம் விபத்து விசாரணை அறிக்கைகளும், எந்த நாடு வான்வெளியை மூடியது, எந்த நிறுவனத்தின் விமானத்தைக் கடன்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள் என்ற செய்திகளும்தான். காக்பிட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள். "எது சரி என்றே தெரியவில்லை, பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பயம் நியாயமானது. ஆனால் முடிவு எடுக்க இதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. வீட்டை அடமானம் வைக்காதீர்கள். பெரியப்பாவிடம் இதைத் தெளிவாக, இன்றே சொல்லிவிடுங்கள்.

பைலட் பயிற்சிக்கான கட்டணப் பட்டியலில் தெரிவது செலவின் ஒரு பகுதிதான். வணிக விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியில் 150 மணி நேரம். வானிலை கெட்டோ பயிற்சி விமானம் பழுதாகியோ நாட்கள் போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடுதல் மணி நேரங்கள் பறக்க வேண்டிவரும், அதற்குத் தனிக் கட்டணம். உரிமம் கையில் வந்த பிறகு, ஏர்பஸ் 320 மாதிரி ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் என்று இன்னொரு பயிற்சி இருக்கிறது. அதன் செலவையும் பல இடங்களில் மாணவரே ஏற்க வேண்டும். வேலைக்காகக் காத்திருக்கும் காலத்தில், வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான கருவிவழிப் பறப்புத் தகுதி காலாவதியாகும், அதைப் புதுப்பிக்கவும் பணம் வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் முதல் வகுப்பு மருத்துவத் தகுதி இருக்கிறது. கண், காது, இதயம் எதில் குறை வந்தாலும் பிழைப்பே நின்றுபோகும். 2020-இல் உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தியபோதும் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது.

பறந்தே தீருவேன் என்று நிற்கும் பிள்ளை இத்தனையையும் தாங்கும். உங்கள் மகள் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. பெரியப்பாவின் ஆசைக்கு அவள் கடன்காரியாக வேண்டியதில்லை.

பொறியியல், கேபின் பணி, விமான நிலைய மேலாண்மை எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். அவள் எதைப் படிக்கிறாள் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. அது விமானச் சட்டம். உறவினர் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் இந்த வேலைக்குச் சீருடை கிடையாது. ஆனால் இந்தத் துறையின் இன்றைய பெரிய தலைவலிகளில் பாதி, சட்டத் தலைவலிகள்.

விமானக் குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஏறும் விமானங்களில் பெரும்பகுதி அந்த விமான நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. குத்தகை நிறுவனங்களிடமிருந்து மாத வாடகைக்கு எடுத்தவை. உரிமையாளர் ஒரு நாட்டில், பதிவு இன்னொரு நாட்டில், ஓட்டுபவர் மூன்றாவது நாட்டில். வாடகை நின்றுபோனால் விமானத்தை எப்படித் திரும்பப் பெறுவது? இதற்காகத்தான் 2001-இல் கேப்டவுன் உடன்படிக்கையும் அதன் விமான நெறிமுறையும் வந்தன. 2006 முதல் டப்ளினிலிருந்து ஒரு சர்வதேசப் பதிவேடு இணையவழியில் இயங்குகிறது. வீடு வாங்கும்முன் வில்லங்கம் பார்ப்பதைப் போல, விமானத்துக்குக் கடன் கொடுப்பவர் இந்தப் பதிவேட்டைத்தான் பார்ப்பார். யார் முதலில் பதிந்தாரோ அவருக்கே முன்னுரிமை.

தவறு நடப்பதும் இங்கேதான். பதிவேட்டில் தேடுவது தயாரிப்பாளர் கொடுத்த வரிசை எண்ணை வைத்து. அதில் ஒரு எழுத்தோ எண்ணோ பிசகினால் உங்கள் பதிவு யார் தேடலிலும் வராது, முன்னுரிமையும் போய்விடும். எஞ்சின்களைத் தனித்தனியாகப் பதிய வேண்டும். இரட்டை எஞ்சின் விமானத்துக்கு உடலுக்கு ஒன்று, எஞ்சின்களுக்கு இரண்டு என மூன்று பதிவுகள். எஞ்சின்களைக் கழற்றி வேறு விமானத்தில் மாட்டுவது இந்தத் தொழிலில் அன்றாட வழக்கம் என்பதால், உடலை மட்டும் பதிந்தவர் மாட்டிக்கொள்வார். கூடவே ஐடெரா என்ற ஆவணம் இருக்கிறது. 'நான் தவறினால் விமானத்தின் பதிவை நீக்கி நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்லலாம்' என்று குத்தகைதாரர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அது. கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தால் போதாது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தில் அதைப் பதிந்திருக்க வேண்டும்.

விமானம் கைக்கு வந்தாலும் வேலை முடிவதில்லை. எஞ்சினுக்குள் சுழலும் டிஸ்க் போன்ற பாகங்களுக்கு ஆயுள் வரம்பு உண்டு. தயாரான நாளிலிருந்து அது எந்த எஞ்சினில், எத்தனை சுழற்சி (ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுழற்சி) ஓடியது என்ற பதிவு இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு காலகட்டத்துக்குக் காகிதம் இல்லையென்றால், பாகம் புத்தம்புதிதாக மின்னினாலும் அதைப் பயன்படுத்த முடியாது. திவாலான நிறுவனத்திடமிருந்து விமானத்தை மீட்கும் வழக்கறிஞர், விமானத்தைக் கேட்கும் அதே மனுவில் ஆவணங்களையும் கேட்பது இதனால்தான்.

சட்டப் புத்தகத்தில் இருப்பதும் களத்தில் நடப்பதும் வேறு என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 2023 மே மாதம் இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவால் மனு போட்டதும், ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் முடங்கின. இந்தியா 2008-லேயே கேப்டவுன் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தும், உள்நாட்டுத் திவால் சட்டம் சொத்துகளை எடுக்க விடாமல் தடுத்தது. 2024 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் பதிவுகள் நீக்கப்பட்டன. உடன்படிக்கைக்கென்றே தனிச் சட்டம் 2025-இல் வந்தது.

இரண்டாவது ரஷ்யா. 2022 பிப்ரவரிக்குப் பிறகு பொருளாதாரத் தடைகள் வந்தபோது, வெளிநாட்டாருக்குச் சொந்தமான 400-க்கும் மேற்பட்ட விமானங்கள் அங்கே சிக்கிக்கொண்டன. அவற்றில் பல பெர்முடா தீவில் பதிவானவை. பெர்முடா அவற்றின் பறக்கும் தகுதிச் சான்றிதழ்களை நிறுத்திவைத்தது, ரஷ்யா அவற்றைத் தன் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் செல்லுபடியாகும் பதிவு வைத்திருக்க முடியாது என்று, சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான 1944-இன் சிகாகோ உடன்படிக்கை 18-வது பிரிவு சொல்கிறது. சொல்லி என்ன, பெரும்பாலான விமானங்கள் திரும்பவில்லை. சண்டை காப்பீட்டு நிறுவனங்கள் பக்கம் திரும்பியது. 2025 ஜூனில் லண்டன் உயர்நீதிமன்றம், போர் ஆபத்துக் காப்பீட்டாளர்கள்தான் பணம் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏர்கேப் என்ற ஒரு குத்தகை நிறுவனத்துக்கு மட்டும் நூறு கோடி டாலர் அளவில் கிடைத்தது.

பயணிகள் இழப்பீடு, வான்வெளி இறையாண்மை, கார்பன் கணக்கு என்று வேறு கிளைகளும் உண்டு. உக்ரைன் வானில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்த எம்.எச்.17 சம்பவம் நடந்தது 2014 ஜூலையில். ரஷ்யா சிகாகோ உடன்படிக்கையை மீறியது என்று, ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவின் கவுன்சில் முடிவுக்கு வந்தது 2025 மே மாதத்தில். சம்பவம் நடந்து ஏறக்குறைய பதினொரு வருடம் கழித்து முடிவு வரும் இந்த மாதிரி வழக்குக்கு எப்படிப்பட்ட பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கார்பன் பக்கம், சர்வதேச விமானங்களின் கார்பன் உமிழ்வை ஈடுகட்டச் சொல்லும் ஐகாவின் கோர்சியா திட்டம் 2027 முதல் பெரும்பாலான பெரிய நாடுகளுக்குக் கட்டாயமாகிறது. படிப்பு முடித்து உங்கள் மகள் வேலைக்கு வரும்போது அந்தச் சர்ச்சைகள் சூடாக இருக்கும்.

அவளுக்கு இது ஒத்துவருமா என்பதை நாமாகத் தீர்மானிக்க வேண்டாம். சோதித்துப் பார்த்துவிடலாம். சர்வதேச விமானப் பயணிகளுக்கான இழப்பீட்டு விதிகளைச் சொல்லும் 1999-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மொத்தமே 57 பிரிவுகள். 17-லிருந்து 35 வரை அவளைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு சம்பவங்களைக் கொடுங்கள். தரையிறங்கும்போது கேபின் அழுத்தம் வழக்கம்போல மாறியதில் ஒரு பயணிக்கு ஒரு காது கேட்காமல் போனது, விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை. இன்னொன்றில், தந்தையின் தட்டிலிருந்த சூடான காபி சரிந்து சிறுமியின் மேல் கொட்டியது, ஏன் சரிந்தது என்றே தெரியவில்லை. யாருக்கு இழப்பீடு, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். முன்னதில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1985-இல் பயணிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னதில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் சிறுமியின் பக்கம் நின்றது. முதல் வழக்கு பழைய வார்சா உடன்படிக்கையின் கீழ் வந்தது, ஆனாலும் அதன் தர்க்கம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எழுதி முடித்தபின் தீர்ப்புகளைத் தேடி ஒப்பிடச் சொல்லுங்கள்.

கெடுக் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். வழக்குக்கு இரண்டு ஆண்டு. பெட்டிகளுக்கு ஒரு பயணிக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). உடன்படிக்கையில் முதலில் எழுதியிருந்த தொகை 1,000 மட்டுமே. அவள் பழைய தொகையை எடுத்தாளாமல், திருத்தப்பட்ட தொகையைத் தானாகத் தேடிப் பிடித்தால் அது மிக நல்ல அறிகுறி. பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி விட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள், நான் வற்புறுத்த மாட்டேன்.

வழி இதுதான். முதலில் உங்கள் நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய உரிமை தரும் முழுமையான சட்டப் பட்டம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அதுவே போதும். ஒப்பந்தச் சட்டம், திவால் சட்டம், காப்பீடு, சர்வதேசச் சட்டம் நான்கையும் கவனமாகப் படிக்க வேண்டும். 'விமானச் சட்ட டிப்ளமோ' என்று சில மாதப் படிப்புகளை விற்பார்கள். சட்டப் பட்டம் இல்லாமல் அதை மட்டும் வைத்து வழக்கறிஞர் வேலை கிடைக்காது, காசைக் கொட்டாதீர்கள். மூன்றாம் ஆண்டுவாக்கில் லெய்டன் பல்கலைக்கழகம் நடத்தும் சர்வதேச விமானச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் கல்லூரி அணி அனுப்புமா என்று கேட்கட்டும். விடுமுறைப் பயிற்சிக்குக் குத்தகை ஒப்பந்தம் பார்க்கும் சட்ட நிறுவனம், விமான நிறுவனத்தின் சட்டப் பிரிவு, காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றை அணுகலாம். அங்கே முதல் மாதம் ஆவணப் பட்டியல் சரிபார்க்கும் வேலைதான் தருவார்கள். வரிசை எண்களை ஒப்பிடும் அந்த வேலையைக் கேவலமாக நினைக்கக் கூடாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறை சிறியது. முதல் வேலை விமானம் சம்பந்தப்பட்டதாக இல்லாமல், சாதாரண வங்கிக் கடன் வழக்காகவோ காப்பீட்டு வழக்காகவோ இருக்கலாம். முதல் சில ஆண்டுகளுக்கு வருமானம் மெலிந்தே இருக்கும். ஆனால் வீடு உங்கள் பெயரில் இருக்கும், விமானத் துறை படுத்தாலும் சட்டப் பட்டம் வேறு இடத்தில் சோறு போடும். திவால்கள் பெருகும் காலத்தில் திவால் வழக்கறிஞருக்கு வேலை கூடத்தான் செய்யும்.

மாண்ட்ரியலின் மெக்கில், நெதர்லாந்தின் லெய்டன் இரண்டும் விமானச் சட்ட மேற்படிப்புக்குப் பெயர்பெற்றவை. பட்டம் வாங்கிய கையோடு கடன் வாங்கி அங்கே அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்து, குத்தகையா காப்பீடா ஒழுங்குமுறையா என்று அவளுக்கே ஒரு பக்கம் பிடிபட்ட பிறகு, உதவித்தொகையுடன் போவதானால் போகட்டும்.