தொலைநோக்கி இல்லாமல் ஒரு குள்ள கேலக்ஸி புராஜெக்ட்

கேள்வி: பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் தொலைநோக்கி கிடையாது. குள்ள கேலக்ஸிகளைப் பற்றி உருப்படியாக ஒரு புராஜெக்ட் செய்ய முடியுமா? பெரியதை விட்டுவிட்டு இந்தக் குட்டிகளை ஏன் இவ்வளவு ஆராய்கிறார்கள்?

தாராளமாக முடியும், லேப்டாப் போதும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் அளந்த சுமார் 180 கோடி விண்மீன்களின் தரவு (2022 ஜூனில் வந்த மூன்றாவது வெளியீடு) இலவசமாகவே கிடைக்கிறது.

ஸ்கல்ப்டரை எடுத்துக்கொள்ளுங்கள், நம் கேலக்ஸியான பால்வழியைச் சுற்றும் ஒரு குள்ள கேலக்ஸி அது. 1938-ல் ஹார்லோ ஷாப்லி அறிவித்தது, சுமார் 2.8 லட்சம் ஒளியாண்டு தூரம். பால்வழியின் தட்டிலிருந்து நன்றாக விலகி இருப்பதால் குறுக்கே நிற்கும் நம் விண்மீன்கள் குறைவு. குறைவுதானே தவிர இல்லாமல் இல்லை, அவற்றைக் களையெடுப்பதுதான் உங்கள் பாதி வேலை. மையத்தைச் சுற்றி அரை டிகிரிக்குள் இருப்பதையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றும் வானில் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பவை பல மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 36 லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு) ஓடும். ஸ்கல்ப்டரின் விண்மீன்கள் 0.2 அளவுக்குத்தான், அதுவும் எல்லாம் ஒரே திசையில். மாணவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு வைத்து வெட்டிவிடுவார்கள். மங்கலான விண்மீன்களுக்கு அளவீட்டுப் பிழையே நகர்வைவிடப் பெரிதாக இருக்கும், அதனால் அந்தந்த விண்மீனின் பிழையைக் கணக்கில் எடுத்து வடிகட்டுங்கள்.

அப்புறம் நிறத்தையும் பிரகாசத்தையும் வரைபடமாகப் போட்டால் சிவப்பு ராட்சச விண்மீன்களின் (வயதாகி ஊதிப்போனவை) கிளை பளிச்சென்று தெரியும். பிரகாசமான, நீல நிற இளம் விண்மீன்கள் இருக்காது. ஸ்கல்ப்டர் பெரும்பாலான விண்மீன்களை 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்திவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பால்வழி மாதிரிப் பெரிய கேலக்ஸி பல சிறியவற்றை விழுங்கி வளர்ந்தது, 1994-ல் கண்டுபிடித்த சஜிடேரியஸ் குள்ள கேலக்ஸியை இப்போதும் கிழித்துத் தின்றுகொண்டிருக்கிறது, அதனால் பால்வழியின் பழைய கணக்கெல்லாம் கலங்கிக் கிடக்கிறது. குட்டிகளில் ஈர்ப்பு குறைவு; சில பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடித்தாலே, விண்மீன்கள் பிறக்கத் தேவையான வாயு வெளியேறி, விண்மீன் பிறப்பு அடங்கிவிடும். காரணமும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன.

நேரமிருந்தால் ஃபோர்னாக்ஸுக்கும் இதையே செய்யுங்கள். அதுவும் பால்வழியின் துணைதான், ஆனால் சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை விண்மீன்கள் பிறந்த இடம். கிளை அகலமாக வரும். ஒன்று மட்டும் கவனம்: வயதை நேரடியாகக் காட்டும் மங்கலான விண்மீன்கள் கையாவின் எட்டலுக்கு அப்பால் இருக்கின்றன. வயதை நீங்களே அளந்ததாக எழுதாதீர்கள், வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்ததாகச் சொல்லிவிடுங்கள், வைவாவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.