கிணறு உவராகிற ஊருக்குச் செய்மதி எதற்கு?

வணக்கம் ஐயா,

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஈர்ப்புப் பாடத்தில் செய்மதிகளின் சுற்றுப்பாதை வந்தபோது ஒரு மாணவி, "எங்கட நாட்டில ஏன் சேர் ஒண்டு செய்யேலாது?" என்று கேட்டாள். பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன், "முதல்ல கிணத்துத் தண்ணி உவராகாமப் பாக்கட்டும்" என்றான். எனக்கு இரண்டு பேரிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

– ஓர் ஆசிரியர், சாவகச்சேரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

செய்திருக்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இராவணா-1, பத்து சென்ரிமீற்றர் கனசதுரம், ஏறத்தாழ ஒரு கிலோ. யப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் அதைச் செய்தார்கள். நேபாளத்தின் முதல் செய்மதியும் அதே திட்டத்தில்தான் உருவானது. 2019 ஏப்ரலில் ஏவி, யூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விட்டார்கள். நானூறு கிலோமீற்றர் உயரத்தில் விடப்படும் இத்தகைய சிறு செய்மதிகள் சில ஆண்டுகளில் கீழிறங்கி எரிந்துவிடும். ஆகவே ஒன்று மேலே போனதா என்பதைவிட, அதைச் செய்து பழகிய கைகளுக்கு அடுத்த வேலை இருந்ததா என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

தென்கொரியா இதை நன்றாக விளங்கிக்கொண்டது. 1980களின் கடைசியில் தன் இளம் பட்டதாரிகளை இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே செய்த கிற்சற்-1 என்ற சிறு செய்மதி 1992இல் ஏவப்பட்டது. திரும்பி வந்தவர்கள் கலைந்து போகவில்லை. கிற்சற்-2ஐ 1993இல் கொரியாவிலேயே செய்து முடித்தார்கள், 1999இல் மூன்றாவது. அதே ஆண்டு அவர்களில் சிலர் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். பத்து ஆண்டு கழித்து, 2009இல், மலேசியாவின் ரசாக்சற்றும் டுபாயின் டுபாய்சற்-1உம் அந்த நிறுவனத்தின் துணையோடு மேலே போயின. டுபாய்க்காரர் செய்மதியை விலைக்கு வாங்கியதோடு நிற்காமல், தங்கள் பொறியியலாளர்களைக் கொரியாவுக்கு அனுப்பிக் கூடவே வேலை செய்ய வைத்தார்கள். 2018இல் போன கலீபாசற்றைத் தங்கள் ஊரிலேயே செய்தார்கள். வெனிசுவேலாவோ 2008இல் சீனாவிடமிருந்து பெரிய தொடர்பாடல் செய்மதி ஒன்று வாங்கியது. 2020இல் அது பழுதாகி, பாதை விட்டுப் போனது.

கற்ற ஒருவர் ஊருக்கு வந்து வேறு வேலைக்குப் போகும்படி ஆனால், அந்தப் படிப்புக்குச் செலவழித்த பணம் முழுக்க வீண். எங்கள் நாட்டில் எனக்குப் பெரிய கவலை இதுதான்.

அந்தப் பெடியன் சொன்னது இன்னும் கனமானது. கிணற்று உவரைச் செய்மதி பார்க்காது. ஈர்ப்பு மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரை அளக்கும் கிரேஸ் செய்மதிகள் இருந்தன, அவற்றின் வழித்தோன்றல்களும் இருக்கின்றன. ஆனால் அவை சில நூறு கிலோமீற்றர் அகலத்தை ஒரே புள்ளியாகப் பார்ப்பவை. ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவேயான எங்கள் குடாநாடு அதற்குள் காணாமலே போய்விடும். சுண்ணாம்புக்கல்லில் தங்கும் நன்னீருக்குக் கீழே உவர்நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய, உவரை அளக்கும் கருவியைக் கிணற்றில் இறக்கத்தான் வேண்டும்.

வெள்ளம் அப்படியல்ல. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது வானம் முழுக்க முகில். சாதாரணக் கமரா உள்ள செய்மதிக்கு அப்போது முகில்தான் தெரியும். ஐரோப்பாவின் சென்ரினல்-1 செய்மதி ராடாரால் பார்ப்பது. ராடார் அலை முகிலைக் கடந்து வரும், அசையாத நீரில் பட்டு அப்பால் தெறித்துவிடும். திரும்பி வராததால் நீர் உள்ள இடம் படத்தில் கறுப்பாக விழும். அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம்.

ஆனால் குளமும் கறுப்பு, உப்பளமும் கறுப்பு, காலபோகத்தில் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்பு. எது வழமையான நீர், எது வீட்டுக்குள் வந்த நீர் என்று பிரிக்க ஊரை அறிந்த ஆள் வேண்டும். வேறு நாட்டில் இருந்து வரைபடம் செய்கிறவருக்கு, தொண்டைமானாறு தடுப்பணைக்குப் பின்னால் மாரியில் எவ்வளவு நீர் நிற்கும் என்று எப்படித் தெரியும்? செய்மதி செய்வதற்கு முன்பே நாங்கள் வளர்க்க வேண்டிய திறன் இது. இதற்கு ரொக்கெற் வேண்டாம். ஒரு கணினி, இணையம், தொடர்ந்து இருக்கும் நாலு பேர் போதும். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, புவியியல் துறை திருநெல்வேலியில். இரண்டு இடத்துப் பிள்ளைகளும் சேர்ந்திருந்து வேலை செய்ய ஓர் அறையும், திட்டம் முடிந்ததும் முடிந்துவிடாத சில நிரந்தரப் பதவிகளும் வேண்டும். செய்மதிக்குப் பணம் கேட்பதற்கு முன் இவற்றைக் கேட்க வேண்டும் என்பேன்.

உங்கள் வகுப்பு இப்போதே தொடங்கலாம். சென்ரினல் படங்கள் கிடைக்கும் ஐரோப்பாவின் கொப்பர்நிக்கஸ் இணையத்தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து, தென்மராட்சியின் ஓகஸ்ற் மாதப் படம் ஒன்றையும் 2020 டிசம்பர் முதல் வாரப் படம் ஒன்றையும் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, புதிதாகக் கறுத்த இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தந்த இடத்து வீடுகளில் போய், அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு எழுதட்டும். குறித்ததை எனக்கு அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.