சில ராணுவத் தலைமைத் தளபதிகள் மட்டும் ஏன் 3 ஆண்டு முழுமையாகப் பதவியில் இருக்கிறார்கள்?

பதில் பிறந்த தேதியில் இருக்கிறது. 3 ஆண்டு அல்லது 62 வயது, எது முதலில் வருகிறதோ அதுவே இந்தியத் தலைமைத் தளபதியின் பதவிக்காலம். பிபின் ராவத் பிறந்தது 1958 மார்ச் 16. 2016 டிசம்பர் 31-ல் பொறுப்பேற்றார். 62 ஆவதற்குள் 3 ஆண்டு முடிந்துவிட்டது. நரவானே 1960 ஏப்ரல் 22-ல் பிறந்தவர். 2019 டிசம்பர் 31-ல் வந்து, 62 நிறைந்த மாதக் கடைசியில், 2022 ஏப்ரல் 30-ல் ஓய்வு பெற்றார். 28 மாதம்தான்.

பலர் கவனிக்காதது இது: தலைமைத் தளபதிக்கு அடுத்த நிலையில் உள்ள லெப்டினன்ட் ஜெனரலுக்கு ஓய்வு வயது 60. அதற்குள் தலைமைப் பதவி காலியாகாவிட்டால், எவ்வளவு திறமையான அதிகாரியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விதிவிலக்கு அரிது, தலைமைத் தளபதியாக இருந்த மனோஜ் பாண்டேவுக்கு 2024-ல் ஒரு மாத நீட்டிப்பு கிடைத்தது.