மீன் தீவனத்தில் புரதத்தைக் குறைத்து, அமினோ அமிலங்களைச் சேர்த்தால் வளர்ச்சி குறையாதா?

ஓர் எல்லை வரை குறையாது. ஏனெனில் மீனுக்குத் தேவைப்படுவது புரதம் என்ற மொத்த அளவன்று, அதிலுள்ள 10 இன்றியமையாத அமினோ அமிலங்கள் (மீனின் உடல் தானே உருவாக்க இயலாத, புரதத்தின் அடிப்படை அலகுகள்) சரியான விகிதத்தில் கிடைப்பதே. சோயாப் புண்ணாக்கில் மெத்தியோனினும், மக்காச்சோளப் புரதத்தில் லைசினும் குறைவு. இவற்றுள் ஒன்று போதாமற்போனாலும், மற்றவை தசையாகச் சேராமல் ஆற்றலுக்காக எரிக்கப்பட்டு, அவற்றின் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறிக் குளத்து நீரைக் கெடுக்கும். பற்றாக்குறையான அமிலத்தை மட்டும் தனியாகச் சேர்த்தால், மொத்தப் புரதத்தைச் சில சதவீதப் புள்ளிகள் குறைக்க இயலும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இப்படித் தனியாகச் சேர்க்கப்படும் படிக வடிவ அமினோ அமிலம் நீரில் கரைந்து வீணாவதோடு, புரதத்துடன் பிணைந்தவற்றைவிட விரைவாக இரத்தத்தில் கலந்துவிடுவதால், மற்றவை வந்து சேருமுன்பே அதன் ஒரு பகுதி எரிந்துபோகிறது. இரைப்பையே இல்லாத கெண்டை இனங்களில் இது கூடுதலாகத் தென்படுகிறது. ஆகவே மேற்பூச்சிட்ட அமினோ அமிலத்தைப் பயன்படுத்துவதும், ஒரு நாளின் தீவனத்தைப் பல வேளைகளாகப் பிரித்து இடுவதும் பயன் தரும். லைசின், மெத்தியோனினோடு நிறுத்திக்கொள்வது பலர் செய்யும் தவறு. புரதம் மேலும் குறையும்போது திரியோனின் போன்றவையும் பற்றாமற்போகும்.